கடலுக்குள் பன்னிரண்டு கட்டில்கள்

அந்தக் கூட்ட அறையில் கால் வைத்தாலே அவளுக்குப் பல் கிட்டும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். உள்ளே துறைமுகக் கம்பெனிக்காரர்கள் ஏசியை முடுக்கிவிட்டு, கோட்டுப் போட்டுக்கொண்டு, கடல் சூடாவதைப் பற்றிக் கவலைப்படுவார்கள். பார்த்தால் பற்றிக்கொண்டு வராதா? வரும். ஆனால் அவள் கோபப்படக் கூடாது. அவள்தான் பாலம்.

அது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பவளப்பாறையைக் காப்பாற்ற ஆய்வு நிலையமும் கரை மக்களும் கம்பெனியும் கைகோத்த அன்று, கம்பெனியின் சுற்றுச்சூழல் மேலாளர் மைக்கைப் பிடித்து, "எங்க மூணு பேருக்கும் நடுவுல இந்தச் சகோதரிதான் பாலம்" என்று சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் கரையில் அது ஒட்டிக்கொண்டது. "பாலம் வருது, வழி விடுங்க." "பாலம் இன்னும் சமைக்கலையா?" அவள் புருஷன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். பாலமென்றால் போகிறவன் வருகிறவன் எல்லாம் மிதிப்பான் என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

மேலாளருக்கும் கரையில் ஒரு பெயர் உண்டு. அவருக்குத் தெரியாது. படகுக்கு எஞ்சின் கேட்டாலும், பள்ளிக்கூடத்துக்குக் கூரை கேட்டாலும், "பார்க்கலாம்" என்பார். அதனால் பார்க்கலாம் சார். ஆய்வு நிலையத்திலிருந்து வந்த அம்மாவை டாக்டர் என்றார்கள். பவளத்துக்கு டாக்டர் என்று யாருக்குத் தெரியும்? முதல் மாதம் முழுக்க இருமல், சளி, முதுகுவலி என்று வரிசையில் நின்றார்கள். "நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், கடைசியில் அந்த அம்மாவே ஒரு பிஸ்கட் டப்பாவில் மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டார். நல்ல மனுஷி. பொய் சொல்லத் தெரியாது, அதுதான் அவரிடம் தொல்லை.

கட்டில் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சரக்குக் கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போனதில் பாறையின் ஒரு பக்கம் நொறுங்கிப்போனது. துறைமுகம் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே அது கரைக்காரர்களின் பாறை. எந்த மாதம் அதன் பக்கம் வலை போடக் கூடாது என்பதுகூட அவர்கள் வைத்த முறைதான். உடைந்ததில் உயிரோடிருந்த துண்டுகளைப் பொறுக்கி, நாலு காலும் குறுக்குக் கம்பியுமாக இரும்பில் செய்து, அதில் கட்டி, மார்பளவு தண்ணீரில் இறக்கி வளர்த்தார்கள். பார்ப்பதற்குக் கட்டில் மாதிரி இருந்ததால் கட்டில். பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு வீடு. அந்தந்த வீட்டுக்காரர்கள் போய்ப் பாசி தேய்ப்பார்கள், பவளத்தைத் தின்னும் நத்தையைப் பொறுக்குவார்கள். "எங்க கட்டில்ல நாலாவது இருக்கான் பாரு, சரியான சோம்பேறி, விரலளவுகூட வளரலை" என்று பிள்ளைகளைக் கரித்துக்கொட்டுவதுபோல் பேசிக்கொள்வார்கள்.

அன்றைக்குக் கூட்டத்தில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"இந்தக் கோடை மோசமா இருக்கும். தண்ணி சூடேறினா பவளம் வெளுக்கும். வெளுத்ததுல பாதிக்கு மேல செத்துப்போகும். மேல நிழல் வலை கட்டினா தாங்கும்னு நினைக்கிறோம். நினைச்சா போதாது, காட்டணும். ஆறு கட்டிலுக்கு வலை கட்டுவோம். ஆறை வெறுமனே விடுவோம். அப்பதான் வலையாலதான் பிழைச்சுதுன்னு யாரும் மறுக்க முடியாது."

பார்க்கலாம் சார் பேனாவை மூடினார். "வித்தியாசம் தெரிஞ்சுதுன்னா, காப்பாத்த முடியுற பாறைன்னு ஆகுது. கப்பல் வழியை வடக்கே தள்ளிடுறோம். எழுத்துலயே தர்றோம். வித்தியாசம் இல்லைன்னா, பாறையை ஒட்டியே வழியை அகலப்படுத்துவோம். அப்ப யாரும் குறுக்கே நிக்கக் கூடாது."

ஆக, கரையின் தலையெழுத்து அந்த ஒரு வித்தியாசத்தில் வந்து நின்றது. எந்தக் கட்டிலுக்கு வலை, எது வெறுங்கட்டில் என்று குலுக்கிப் போட்டார்கள். டாக்டரின் பிஸ்கட் டப்பாவைக் காலிசெய்து, சீட்டுப் போட்டு, பாலத்தின் கையில் கொடுத்தார்கள். அவள் குலுக்கினாள். அவள் கட்டிலுக்கு வலை வந்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் அவள் நாத்தனாரின் கட்டில் வெறுங்கட்டில் ஆனது.

வேறு வினை வேண்டுமா?

நாத்தனார் என்றால் புருஷனுக்கு மூத்தவள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள். வாய் திறந்தால் மூடுவதற்கு ஆள் வைக்க வேண்டும். எழுந்து நின்றாள்.

"என்ன நியாயம் இது? பக்கத்து வீட்டுப் புள்ளைக்குக் குடை பிடிப்பீங்க, எம்புள்ளைய வெயில்ல நிக்கவெச்சு எப்பச் சாவுதுன்னு படம் பிடிப்பீங்களா? படிச்சவங்கதானே நீங்க?"

பார்க்கலாம் சார் பாலத்தின் பக்கம் திரும்பினார். அவர் வழக்கம் அது. கரைக்காரர்கள் காரமாக எதையாவது சொன்னால், அவள் அதைத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க வேண்டும்.

"அண்ணி என்ன சொல்ல வர்றாங்கன்னா," என்று அவள் ஆரம்பித்தாள், "வெறுங்கட்டில் வீட்டுக்காரங்களுக்கு வருத்தம் இருக்கும், அதையும் மனசுல வெச்சுக்கணும்னு..."

"நான் அதையா சொன்னேன்?" என்றாள் நாத்தனார். அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் பாலத்தின் பாடு சொல்லி முடியாது. நாத்தனார் சுவரோடு பேசினாள், தண்ணீர்க் குடத்தோடு பேசினாள், இவளோடு மட்டும் பேசவில்லை. தெருவில் போனால், "குலுக்கின கைக்கே வலை விழுந்துச்சாம், அதிசயந்தான்" என்று யாராவது காதில் விழும்படி சொன்னார்கள். காலையிலும் சாயங்காலமும் அவள்தான் மூழ்கி ஒவ்வொரு கட்டிலையும் படம் எடுக்க வேண்டும். வெறுங்கட்டில்களை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை. மத்தியானம் ஆய்வு நிலையத்தில் உட்கார்ந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். தண்ணீர் நாளுக்கு நாள் சூடேறியது. முங்கினால் குளிர்ச்சியே இல்லை, உடம்பெல்லாம் புழுங்கியது. சற்றுத் தள்ளி, யார் பொறுப்பிலும் இல்லாத பாறையில் அங்கங்கே வெள்ளை தட்ட ஆரம்பித்தது.

ஆனால் வெறுங்கட்டில்கள் வெளுக்கவில்லை.

முதலில் அவளுக்குச் சந்தோஷம். பிறகு குழப்பம். டாக்டர் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். நீரோட்டமாக இருக்குமோ, கருவி பழுதோ என்று தெர்மாமீட்டரைக்கூட மாற்றினார். "வெளுத்திருக்கணுமே, எப்படித் தாங்குது?" என்று தலையைப் பிய்த்துக்கொண்டார். பார்க்கலாம் சாருக்கு மட்டும் முகத்தில் விளக்கு எரிந்தது.

"பாருங்க டாக்டர், வலை இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். வித்தியாசம் எங்க இருக்கு? கோடை முடியட்டும், வழியை அகலப்படுத்துற வேலையை ஆரம்பிச்சிடலாம்."

அன்றைக்கு அவர் வாயில் பார்க்கலாம் வரவேயில்லை.

மறுநாள் மின்சாரம் போய்விட்டதால் மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். கொல்லையில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு துணிக்கொடி. வெளியே துணி காயப்போடப் போனவள் அப்படியே நின்றாள். கொடியில் நாத்தனார் வீட்டுப் படுக்கை விரிப்பு ஒன்று தொங்கியது. நாலு மூலையிலும் ஓட்டை போட்டு, ஓட்டையில் நீலக் கயிறு கட்டியிருந்தது. கைவைத்துப் பார்த்தாள். உப்பு மொரமொரவென்று இருந்தது. ஒரு ஓரத்தில் பவளம் கசியவிடும் கொழகொழப்பு காய்ந்து ஒட்டியிருந்தது.

குட்டு உடைந்துவிட்டது. ஓடிப்போய்க் கரையில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். கட்டில்கள் இருக்கும் இடத்தில் ஒரு படகு. படகில் நாத்தனார். கூடவே வெறுங்கட்டில் வீட்டுப் பெண்கள் சிலர். துடுப்புப் போடுகிறவன் யார்? அவளுடைய அருமைப் புருஷன்.

படகு கரை தட்டும்வரை அவள் நகரவில்லை.

"வாங்க," என்றாள். "போர்வை போத்தித் தூங்கவெச்சாச்சா?"

புருஷன் துடுப்பைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். "அக்கா கேட்டா. நான் என்ன பண்றது?"

"என் கண்ணுல மண்ணைத் தூவணும்னு அக்கா கேட்டா, தூவிடுவீங்களா? தெனம் ஒரே தட்டுல சாப்பிடுறோம். ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"அவனை ஏண்டி பிடுங்குறே?" எத்தனையோ நாள் கழித்து நாத்தனார் அவளோடு பேசினாள். "நான்தான் சொல்லக் கூடாதுன்னேன். காலையில நீ படம் எடுத்துட்டுப் போனதும் போத்துவோம், மத்தியானம் வேற துணி மாத்துவோம், சாயங்காலம் நீ வர்றதுக்குள்ள எடுத்துடுவோம். ஆறு வீடும்தான். கண்ணெதிர்ல செத்துப்போறதைப் பாத்துக்கிட்டு நிக்க நான் என்ன மரமா?"

"அண்ணி, நீங்க காப்பாத்துறேன்னு பாறையையே கொன்னுட்டீங்க. வித்தியாசம் தெரிஞ்சாத்தான் கப்பல் வழி மாறும். இப்ப ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு அந்த ஆளு குதிக்கிறான்."

நாத்தனார் வாயைத் திறந்தாள், மூடினாள். "வித்தியாசம் வித்தியாசம்னு அந்த ஆளு பேசினப்ப எனக்கு என்னடி புரிஞ்சுது? நீதான் ஒவ்வொரு கூட்டத்துலயும் யாரு என்ன சொன்னாலும் பூசி மெழுகுவியே. வெறுங்கட்டில் செத்தாத்தான் பாறை பிழைக்கும்னு எங்ககிட்ட எப்பவாவது முகத்துக்கு நேரா சொன்னியா?"

உண்மைதான். 'வருத்தம் இருக்கும், மனசுல வெச்சுக்கணும்' என்று அந்தப் பக்கம் சொன்னதைப்போலவே, பாலம் இந்தப் பக்கம் வந்தும், 'சும்மா ஒப்பிட்டுப் பாக்கத்தான், ஒண்ணும் ஆகாது' என்று சொல்லியிருந்தாள். வெறுங்கட்டில்காரர்கள் ஆத்திரத்தில் மற்றவர்களின் வலையைப் பிய்த்துவிடக் கூடாதே என்ற பயத்தில் சொன்னது. அவள் பேச்சில் நனைந்து நனைந்து எல்லாருடைய வார்த்தையும் சப்பென்று ஆகிப்போயிருந்தது.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் கத்துவார் என்று நினைத்தாள். அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"பவளம் நல்லா இருக்கு. ஆராய்ச்சிதான் செத்துப்போச்சு," என்றார். "வெயில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கு. இப்பவாவது போர்வையை எடுத்தா ஏதாவது தேறும். ஆனா நடந்ததைக் கம்பெனிகிட்ட மறைக்க முடியாது. மறைச்சா, அப்புறம் நான் சொல்ற எதுவும் நிக்காது."

"சொன்னா அந்தாளு இதையே பிடிச்சுக்குவார் டாக்டர்."

"தெரியும்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். "ஆறு வீட்டுக்கும் போய் உட்கார்ந்து நானே பேசியிருக்கணும். உன்கிட்டச் சொன்னா எல்லார்கிட்டயும் சொன்ன மாதிரின்னு இருந்துட்டேன்."

சாயங்காலம் ஆறு வீட்டுக்காரர்களையும் படகுத்துறையில் கூட்டி, பாலம் இந்தத் தடவை பச்சையாகச் சொன்னாள். போர்வையை எடுக்க வேண்டும். எடுத்தால் சாகும். சாகாவிட்டால் கப்பல் வரும். நாத்தனார்தான் பேசினாள்.

"உன் கட்டிலுக்கு வலை இருக்கு. உனக்கு என்ன, வலிக்காம சொல்லுவே. மொதல்ல உன் வலையை எடு. அப்புறம் எங்க போர்வையைப் பத்திப் பேசு."

அவளுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. திருப்பி ஏதாவது நறுக்கென்று சொல்ல நாக்குத் துடித்தது. ஆனால் நாத்தனார் கேட்டதில் என்ன தப்பு?

காலையில் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அவள் கட்டிலில் ஒரு மான்கொம்புப் பவளம் உண்டு. நங்கூரம் உழுதுவிட்டுப் போன பள்ளத்தில், மணலுக்குள் பாதி புதைந்து கிடந்ததை அவளே தோண்டி எடுத்து வந்தாள். கட்டில்களில் கட்டிய முதல் துண்டு அதுதான். விரல் நீளம் இருந்தது, இப்போது முழங்கை நீளம். அதன் கிளைகளுக்குள் குட்டி மீன்கள் குடித்தனம் நடத்தின. வலையின் கயிறுகளை அறுத்துச் சுருட்டி எடுத்தபோது வெயில் பளீரென்று இறங்கி அதன்மேல் விழுந்தது. தண்ணீருக்குள் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அழுதாள். மேலே வந்ததும் கண்கள் சிவந்திருந்தன. உப்புத் தண்ணீர் என்று புருஷனிடம் சொன்னாள். அவன் நம்பியதாக நடித்தான். அவனும் வேறென்ன செய்வான்.

நாத்தனாரும் தினம் படகில் வந்தாள். பேசாமல் குனிந்து பார்ப்பாள், போவாள். மான்கொம்பு நுனியில் வெளிறியது. பிறகு கிளை கிளையாக வெள்ளை இறங்கியது. இத்தனை நாள் நிழலில் இருந்து பழகியதை ஒரேயடியாக வெயிலில் விட்டால் அது சீக்கிரமே சுருண்டுவிடும் என்று டாக்டர் சொன்னார். அடியோடு வெளுத்து, மீன்கள் வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போன அன்று, நாத்தனார் தண்ணீரில் குதித்தாள். தன் கட்டிலின் போர்வையைப் பிடித்து இழுத்துப் படகுக்குள் எறிந்தாள். "போடி," என்றாள், யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. பின்னாலேயே இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் எடுத்தார்கள். மற்ற மூன்று பேர் மாட்டவே மாட்டோம் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கோடை முடிந்தது. நாலு கட்டில் வெள்ளை. மற்றதெல்லாம் பழுப்பும் பச்சையுமாக உயிரோடு. குருடனுக்கும் தெரியும் வித்தியாசம்.

கூட்ட அறையில் அதே ஏசி. டாக்டர் படங்களைப் போட்டுக் காட்டினார். போர்வை விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னார். பார்க்கலாம் சார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு," என்றார். "ஆனா ஆறுன்னு பேசினோம், நாலுதான் இருக்கு. நடுவுல துணி வேற. அதுல ஒண்ணு முதல்ல வலை போட்டிருந்த கட்டில். இதை வெச்சுக்கிட்டு நான் மேலிடத்துல எப்படிப் பேசுவேன்? அடுத்த கோடையில இன்னொரு தடவை ஒழுங்கா செஞ்சு பாப்போம். அதுவரைக்கும் கப்பல் போற வழியிலயே போகட்டும். அகலப்படுத்துறதைப் பத்தி... பார்க்கலாம்."

"அப்ப செத்தது?" என்று டாக்டர் கேட்டார். "கண்ணால பாக்குறீங்களே சார். நாலு கட்டில் போயிருக்கு."

"வருத்தந்தான் டாக்டர். குறிப்புல எழுதிடுவோம்."

நாத்தனார் எழுந்தாள். மடியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். மான்கொம்பு. சாம்பல் பூத்து, பாசி பிடித்து, எலும்பாகிப்போன மான்கொம்பு. தன் கட்டிலில் செத்ததை எடுத்து வராமல் பாலத்தின் கட்டிலில் செத்ததை எடுத்து வந்திருந்தாள். அதைப் பளபளக்கும் மேசைமேல் வைத்தாள். டாக்டர் முன்னால் இருந்த பிஸ்கட் டப்பாவை இழுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"அடுத்த கோடையிலயும் குலுக்குவோம் சார். ஒழுங்காவே செய்வோம். எங்க கட்டில்ல பாதியைச் சாக விடுறோம். உங்க கப்பல்ல பாதியை நிறுத்துங்க. கப்பல் ஓடின நாள்ல பாறை எப்படி இருக்கு, நின்ன நாள்ல எப்படி இருக்கு, ஒப்பிட்டுப் பாக்கலாம். எந்தக் கப்பல் நிக்கணும்னு நீங்களே சீட்டு எடுங்க. எங்க கை குலுக்கிக் குலுக்கி வலிக்குது."

யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். டாக்டர் மெதுவாக, "உண்மையில அதுதான் சரியான ஆராய்ச்சி," என்றார்.

பார்க்கலாம் சார் சிரித்தபடியே, வழக்கம்போல் பாலத்தின் பக்கம் திரும்பினார். "அம்மா கொஞ்சம் உணர்ச்சிவசப்படுறாங்க. அவங்க என்ன சொல்ல வர்றாங்க?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வார்த்தைகள் அவள் நாக்கு நுனியில் தயாராக நின்றன. கரை மக்களும் கம்பெனியும் சேர்ந்து பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அண்ணி சொல்ல வருகிறார்கள். எத்தனை தடவை சொன்ன வார்த்தைகள். அவள் மேசைமேல் கிடந்த மான்கொம்பைப் பார்த்தாள்.

"சொன்னதைத்தான் சொல்றாங்க சார்," என்றாள். டப்பாவின் மூடியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள். "எடுங்க."

அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கைகள் இரண்டையும் மேசைக்குக் கீழே கொண்டுபோனார். கீழே கார் காத்திருப்பதாக ஒருவர் வந்து காதில் சொன்னார். எப்போதும் கூட்டம் முடிந்ததென்று முதலில் எழுந்து நாற்காலியை ஒழுங்குபடுத்துகிறவள் அவள்தான். இன்றைக்கு அவள் எழுந்திருக்கவில்லை. நாத்தனாரும் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.